81 ஆண்டு மீதமுள்ள லண்டன் ஃபிளாட்: லீஸை இப்போதே நீட்டிப்பதா, புதிய சட்டத்துக்குக் காத்திருப்பதா?

நீங்கள் கேட்டது இது. லண்டன் ஹாரோவில் உங்களுக்கு ஒரு ஃபிளாட் இருக்கிறது. அதன் லீஸ் (நீண்டகாலக் குத்தகை) 2008 ஜூன் 24 முதல் 99 ஆண்டுகளுக்கு எழுதப்பட்டது. இன்று 81 ஆண்டுகளுக்குச் சற்று மேல் மீதம் இருக்கிறது. கிரவுண்ட் ரென்ட் (நில உரிமையாளருக்குக் கட்டும் வாடகை) ஆண்டுக்கு 100 பவுண்டு, அது உயர்வதற்கு லீஸில் இடமில்லை. நில உரிமையாளரான ஃப்ரீஹோல்டர் நிறுவனம், "5,500 பவுண்டு கொடுத்தால் லீஸை 125 ஆண்டுகளாக்கித் தருகிறோம், 30 நாளுக்குள் பதில் தேவை" என்று எழுதியிருக்கிறது. நண்பர்களோ, புதிய சட்டம் வரப்போகிறது, எல்லாம் மலிவாகிவிடும், ஒன்றும் செய்யாமல் இருங்கள் என்கிறார்கள். குரோய்டனில் 65 ஆண்டு மட்டுமே மீதமுள்ள உங்கள் தம்பியின் ஃபிளாட்டுக்கும் இதே யோசனை பொருந்துமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் நிலையில் அந்தக் கடிதத்துக்கு உடன்படவும் கூடாது, புதிய சட்டத்துக்காகக் காத்திருக்கவும் கூடாது. 1993-ஆம் ஆண்டின் சட்டம் உங்களுக்குத் தந்திருக்கும் உரிமையின்படி முறையான நோட்டீஸை இப்போதே கொடுப்பதுதான் நல்லது. தம்பியின் நிலை வேறு. அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன். நான் எழுதுவது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டுமே பொருந்தும். ஸ்காட்லாந்தின் சட்டம் முற்றிலும் வேறு.

சென்னையில் ஒரு ஃபிளாட் வாங்கினால், கட்டடம் நிற்கும் மனையில் பிரிக்கப்படாத பங்கு ஒன்று உங்கள் பெயரில் பத்திரமாகும். இங்கிலாந்தின் லீஸ்ஹோல்ட் ஃபிளாட்டில் அப்படி எதுவும் கிடையாது. நிலமும் கட்டடமும் ஃப்ரீஹோல்டருடையவை. நீங்கள் லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கியது, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு அந்த ஃபிளாட்டை வைத்திருக்கும் உரிமையை மட்டுமே. அந்த ஆண்டுகள் குறையக் குறைய உங்கள் சொத்தின் மதிப்பும் கரைந்து ஃப்ரீஹோல்டரின் பக்கம் போய்க்கொண்டே இருக்கும். பல வங்கிகள், மீதமுள்ள காலம் 70 அல்லது 80 ஆண்டுகளுக்குக் கீழே போய்விட்டால் மோர்ட்கேஜ் தரத் தயங்குகின்றன. வங்கிக் கடன் கிடைக்காத ஃபிளாட்டை முழுப் பணமும் கையில் உள்ளவர்தான் வாங்க முடியும். அவர் விலையைக் குறைத்துத்தான் கேட்பார்.

இந்த நிலையை ஓரளவு சரிசெய்யவே 1993-ஆம் ஆண்டின் லீஸ்ஹோல்ட் சீர்திருத்தச் சட்டம் வந்தது. முதலில் எழுதப்பட்ட காலம் 21 ஆண்டுகளுக்கு மேற்பட்டதாக இருக்கும் குடியிருப்பு லீஸ் உங்கள் கையில் இருந்தால், மீதமுள்ள காலத்தோடு மேலும் 90 ஆண்டுகளைச் சேர்த்துத் தரும்படி நீங்கள் கேட்கலாம். சட்டம் விதிக்கும் சில விலக்குகளைத் தவிர, ஃப்ரீஹோல்டர் மறுக்க முடியாது. கிரவுண்ட் ரென்ட் அன்றோடு பூஜ்யமாகிவிடும். அதற்கு ஈடாக நீங்கள் பிரீமியம் என்ற ஒரு தொகையைக் கொடுக்க வேண்டும். முன்பு ஃபிளாட்டை வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. 2025 ஜனவரி 31 முதல் அது நீக்கப்பட்டுவிட்டது. நீங்கள் அந்த ஃபிளாட்டில் குடியிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அதை வாடகைக்கு விட்டுவிட்டு யாழ்ப்பாணத்தில் இருந்தாலும், திருச்சியில் இருந்தாலும் உரிமை உங்களுடையதுதான்.

இனி பிரீமியம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் உங்கள் முடிவு முழுவதும் அதில்தான் இருக்கிறது. கணக்கில் மூன்று பகுதிகள் உண்டு. முதலாவது, இனி ஃப்ரீஹோல்டருக்கு வராமல் போகும் கிரவுண்ட் ரென்ட்டின் இன்றைய மதிப்பு. இரண்டாவது, லீஸ் முடிந்ததும் ஃபிளாட் அவர் கைக்குத் திரும்பியிருக்கும் அல்லவா, அந்த உரிமை 90 ஆண்டு தள்ளிப்போவதால் அவருக்கு ஏற்படும் இழப்பு. 81 ஆண்டு கழித்துக் கிடைக்கப்போகும் ஒரு சொத்தின் இன்றைய மதிப்பைக் கண்டறிய ஒரு கழிவு விகிதம், அதாவது எதிர்காலத் தொகையை ஆண்டுக்கு இவ்வளவு என்று குறைத்துக் கணக்கிடும் விகிதம் வேண்டும். ஃபிளாட்டுகளுக்கு அது 5 சதவீதம் என்று 2006-இல் ஸ்போர்டெலி வழக்கில் தீர்ப்பானது. இன்றுவரை பெரும்பாலான கணக்குகள் அந்த விகிதத்தில்தான் போடப்படுகின்றன. மூன்றாவது பகுதிக்கு மேரேஜ் வேல்யூ என்று பெயர். குறுகிய லீஸ் நீண்ட லீஸாக மாறும்போது ஃபிளாட்டின் சந்தை மதிப்பு உயர்கிறது. அந்த உயர்விலிருந்து ஃப்ரீஹோல்டரின் இழப்பைக் கழித்து, மிஞ்சுவதில் பாதியை அவருக்குக் கொடுக்க வேண்டும். ஆனால் நோட்டீஸ் கொடுக்கும் நாளில் மீதமுள்ள காலம் 80 ஆண்டுகளுக்கு மேல் இருந்தால், இந்த மூன்றாவது பகுதி சுத்தமாகக் கிடையாது.

உங்கள் ஃபிளாட் நீண்ட லீஸோடு இருந்தால் 3 லட்சம் பவுண்டுக்குப் போகும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிரவுண்ட் ரென்ட்டை 7 சதவீதத்தில் கணக்கிட்டால் அதன் இன்றைய மதிப்பு ஏறக்குறைய 1,420 பவுண்டு. 81 ஆண்டு கழித்து வரும் 3 லட்சத்தின் இன்றைய மதிப்பு 5 சதவீதத்தில் சுமார் 5,765 பவுண்டு. நீட்டிப்புக்குப் பிறகும் ஃப்ரீஹோல்டரிடம் எஞ்சும் சிறு மதிப்பைக் கழித்தால், மொத்தம் 7,100 பவுண்டுக்கு அருகில் வருகிறது. இதே ஃபிளாட்டை 79 ஆண்டுகளும் ஆறு மாதங்களும் மீதமிருக்கும்போது கணக்கிட்டுப் பாருங்கள். முதல் இரண்டு பகுதிகளும் சேர்ந்து 7,550 ஆகின்றன, பெரிய மாற்றமில்லை. ஆனால் மேரேஜ் வேல்யூ உள்ளே வந்துவிடுகிறது. அந்த நிலையில் குறுகிய லீஸின் மதிப்பு நீண்ட லீஸின் மதிப்பில் 95 சதவீதம் என்று கொண்டால், உங்கள் பங்காகக் கொடுக்க வேண்டியது இன்னும் 3,700 பவுண்டுக்கு மேல். மொத்தம் 11,300-ஐத் தொடுகிறது. ஒன்றரை ஆண்டுத் தாமதத்துக்கு 4,000 பவுண்டுக்கு மேல் அபராதம் கட்டுவது போன்றது இது. உங்கள் லீஸ் அந்த 80 ஆண்டு எல்லையைத் தொடும் நாள் 2027 ஜூன் மாதத்தில் வருகிறது. சரியாக 80 ஆண்டு மீதமிருந்தாலும் மேரேஜ் வேல்யூ உண்டு, 80-க்கு மேல் இருந்தால்தான் விலக்கு. ஆகவே கடைசி வாரம் வரை இழுத்தடிக்கக் கூடாது.

இந்த எண்கள் நான் எடுத்துக்கொண்ட 3 லட்சம் என்ற மதிப்பைப் பொறுத்தவை. உண்மையான மதிப்பை, லீஸ் நீட்டிப்பு வேலையில் பழகிய சர்வேயர் (சொத்து மதிப்பீட்டாளர்) ஒருவர் ஃபிளாட்டை நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். அரசு நிதியில் இயங்கும் லீஸ்ஹோல்ட் அட்வைசரி சர்வீஸ் இணையத்தில் இலவசமாக ஒரு கணிப்பானை வைத்திருக்கிறது. தோராயமான தொகையை அறிய அது போதும், நோட்டீஸில் எழுதும் தொகைக்கு அது போதாது.

இப்போது அந்தக் கடிதத்துக்கு வருவோம். 7,100-ஐ விட 5,500 குறைவாகத் தோன்றுவதால்தான் பலர் இதில் விழுகிறார்கள். என்ன தருகிறார்கள் என்று வரிவரியாகப் பாருங்கள். 125 ஆண்டுகளாக்குவது என்றால் அவர்கள் சேர்ப்பது 44 ஆண்டு மட்டுமே. சட்டப்படி உங்களுக்குக் கிடைக்க வேண்டியது 90. 100 பவுண்டு கிரவுண்ட் ரென்ட் 2107 வரை அப்படியே தொடரும் என்று கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 2022 ஜூன் 30-இல் நடைமுறைக்கு வந்த கிரவுண்ட் ரென்ட் சட்டம், இப்படி இரு தரப்பும் பேசி நீட்டிக்கும்போது பழைய காலத்துக்குப் பழைய வாடகையைத் தொடர அனுமதிக்கிறது, சேர்க்கப்படும் ஆண்டுகளுக்கு மட்டுமே பூஜ்யமாக்குகிறது. ஆகவே அவர்கள் செய்வது சட்டத்துக்கு உட்பட்டதுதான். ஆனால் அந்த 44 ஆண்டுகளின் நியாயமான விலையை அதே 5 சதவீதத்தில் கணக்கிட்டால் 5,100 பவுண்டைத் தாண்டவில்லை. குறைவாகக் கொடுத்து அதற்கு மேல் விலை கேட்கிறார்கள்.

இந்தப் பேச்சுவார்த்தை வழியில் வேறு சிக்கல்களும் உண்டு. கையெழுத்தாகும் நிமிடம் வரை ஃப்ரீஹோல்டர் பின்வாங்கலாம், தொகையை உயர்த்தலாம், புதிய லீஸில் பராமரிப்புக் கட்டணம் பற்றிய நிபந்தனைகளை மாற்றி எழுதலாம். உங்களுக்கு மோர்ட்கேஜ் இருந்தால் வங்கியின் சம்மதம் தேவைப்படும். சட்ட வழியில் புதிய லீஸ் மீது மோர்ட்கேஜ் தானாகவே தொடரும். எல்லாவற்றையும் விட முக்கியம், பேச்சு நடக்கும்போது காலம் நிற்பதில்லை. ஃப்ரீஹோல்டர் பக்கம் பதிலுக்குப் பதில் மாதக்கணக்கில் இழுத்து, லீஸ் 80-ஐத் தாண்டிக் கீழே இறங்கிய பிறகு "பழைய தொகை இனி செல்லாது" என்று எழுதுவதை நான் பார்த்திருக்கிறேன். 30 நாள் கெடு என்பது உங்களை அவசரப்படுத்த அவர்கள் வைத்தது, சட்டம் வைத்ததில்லை. பேச்சு வழி எப்போதுமே தவறு என்றும் சொல்லமாட்டேன். நியாயமான ஃப்ரீஹோல்டர்கள் உண்டு. கட்டடத்தின் ஃப்ரீஹோல்டில் ஃபிளாட் உரிமையாளர்களே பங்குதாரர்களாக இருக்கும் இடங்களில் 999 ஆண்டுக்குப் பிரீமியமே இல்லாமல் எழுதிக்கொள்வதும் வழக்கம். ஆனால் உங்களுக்கு வந்த கடிதம் அந்த வகையைச் சேர்ந்ததில்லை.

அடுத்தது புதிய சட்டம். 2024 மே 24-இல் நிறைவேறிய லீஸ்ஹோல்ட் மற்றும் ஃப்ரீஹோல்ட் சீர்திருத்தச் சட்டத்தின் சில பகுதிகள் மட்டுமே நடைமுறைக்கு வந்துள்ளன. நான் மேலே சொன்ன இரண்டு ஆண்டு நிபந்தனையின் நீக்கம் அவற்றில் ஒன்று. 90-க்குப் பதிலாக 990 ஆண்டு நீட்டிப்பு, மேரேஜ் வேல்யூ ஒழிப்பு, கணக்கில் எடுக்கும் கிரவுண்ட் ரென்ட்டுக்குச் சொத்து மதிப்பில் 0.1 சதவீதம் என்ற உச்சவரம்பு, ஃப்ரீஹோல்டரின் செலவை நீங்கள் கட்டும் வழக்கத்தைப் பெரும்பாலும் நிறுத்துவது ஆகிய பெரிய மாற்றங்கள் இதை எழுதும்போது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஃப்ரீஹோல்டர்கள் தொடுத்த வழக்கை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் தள்ளுபடி செய்தது. ஆனாலும் விதிகள் எழுதப்பட வேண்டும், விகிதங்கள் அறிவிக்கப்பட வேண்டும்.

இவற்றில் உங்களுக்கு உண்மையில் என்ன கிடைக்கும் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். மேரேஜ் வேல்யூவை இன்றைய சட்டப்படியே நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை, அதனால் அதை ஒழிப்பதில் உங்களுக்கு லாபம் இல்லை. உங்கள் ஃபிளாட்டுக்கு 0.1 சதவீதம் என்பது 300 பவுண்டு. உங்கள் கிரவுண்ட் ரென்ட் 100-தான், ஆகவே உச்சவரம்பும் உங்களைத் தொடாது. 171 ஆண்டு லீஸுக்கும் ஆயிரம் ஆண்டு லீஸுக்கும் வங்கியோ வாங்குபவரோ பெரிதாக வித்தியாசம் பார்ப்பதில்லை. மிஞ்சுவது ஃப்ரீஹோல்டரின் சட்ட, மதிப்பீட்டுச் செலவு. அது இன்று உங்கள் தலையில்தான் விழுகிறது, சிறிய தொகையும் இல்லை. காத்திருப்பதால் மிச்சமாகக்கூடியது அது ஒன்றுதான்.

மறுபக்கத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது, நண்பர்கள் இதைக் கவனிக்கவில்லை. புதிய முறையில் கழிவு விகிதத்தை அரசு அமைச்சர் நிர்ணயிப்பார். அது 5 சதவீதமாகவே இருக்கும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. விகிதம் குறைந்தால் பிரீமியம் கூடும். ஒரு பேச்சுக்கு 4 சதவீதம் என்று அறிவித்தால், உங்கள் 81 ஆண்டு லீஸின் இரண்டாம் பகுதி மட்டும் 5,765-இலிருந்து சுமார் 12,500 பவுண்டாகிவிடும். அப்படித்தான் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 80-க்கு மேல் மீதமுள்ள ஒருவர், தனக்குக் கிடைக்காத சலுகைக்காகக் காத்திருந்து, தெரியாத விகிதத்தின் மேல் பந்தயம் கட்டுவது சரியான காரியம் இல்லை.

நோட்டீஸ் கொடுக்கும் முறையில்தான் அதிகத் தவறுகள் நடக்கின்றன, ஆகவே இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42-ஆம் பிரிவின்படி ஃப்ரீஹோல்டருக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். உங்களுக்கும் ஃப்ரீஹோல்டருக்கும் இடையில் வேறொரு நிறுவனம் தலைமை லீஸ் வைத்திருந்தால், சட்டப்படி யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பதை லேண்ட் ரெஜிஸ்ட்ரி (அரசின் சொத்துப் பதிவகம்) ஆவணங்களைப் பார்த்து சொலிசிட்டர் (உங்கள் வழக்கறிஞர்) கண்டறிவார். நீங்கள் கொடுக்கத் தயாராக இருக்கும் தொகையை அதில் எழுத வேண்டும். குறைத்து எழுதலாம், ஆனால் பேச்சைத் தொடங்கத் தகுந்த உண்மையான தொகையாக இருக்க வேண்டும். அபத்தமாகக் குறைத்து எழுதினால் நோட்டீஸே செல்லாமல் போகலாம். ஃப்ரீஹோல்டர் எதிர் நோட்டீஸ் தருவதற்கு ஒரு தேதி குறிக்க வேண்டும். அது குறைந்தது இரண்டு மாதம் தள்ளி இருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்த நாளே மதிப்பீட்டு நாள். அதன் பிறகு பேச்சு ஓராண்டு இழுத்தாலும், லீஸ் 79-க்கு இறங்கினாலும், ஃபிளாட்டின் விலை ஏறினாலும் கணக்கு அந்த நாளில் நின்றுவிடும்.

நோட்டீஸ் போனதும் அதை லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் பதிவு செய்யும்படி சொலிசிட்டரிடம் கேளுங்கள். நடுவில் ஃப்ரீஹோல்ட் வேறொருவருக்கு விற்கப்பட்டால், பதிவு செய்த நோட்டீஸ் புதியவரையும் கட்டுப்படுத்தும். ஃப்ரீஹோல்டர் முன்பணம் கேட்கலாம்: நீங்கள் எழுதிய தொகையில் 10 சதவீதம் அல்லது 250 பவுண்டு, இரண்டில் எது அதிகமோ அது. நீங்களே நடுவில் விற்க நேர்ந்தால், நோட்டீஸின் பலனை விற்பனையோடு சேர்த்து வாங்குபவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். அதை விற்பனை முடியும் அதே நேரத்தில் எழுத்தில் செய்ய வேண்டும், தவறினால் பலன் போய்விடும்.

எதிர் நோட்டீஸ் வந்து தொகையில் உடன்பாடு இல்லையென்றால், முதல்நிலைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வேல்ஸில் அதற்கென வேறு தீர்ப்பாயம் உண்டு. எதிர் நோட்டீஸ் வந்த நாளிலிருந்து இரண்டு மாதம் கழிந்த பிறகு, ஆறு மாதம் முடிவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும். இந்த ஆறு மாதக் கெடுவை எந்தக் காரணத்துக்காகவும் தவறவிடக் கூடாது. இரு சர்வேயர்களும் சுமுகமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்களே என்று விண்ணப்பிக்காமல் இருந்தால், நோட்டீஸ் திரும்பப் பெறப்பட்டதாகச் சட்டம் கருதும். ஃப்ரீஹோல்டரின் அதுவரையான செலவு உங்கள் மேல் விழும், புதிய நோட்டீஸுக்கு 12 மாதம் காத்திருக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் அந்த 12 மாதம் முடியும்போது லீஸ் 80-க்குக் கீழே இறங்கியிருக்கும். தொகை முடிவான பிறகும் இரண்டு மாதத்துக்குள் புதிய லீஸ் கையெழுத்தாக வேண்டும். ஆகாவிட்டால், அடுத்த இரண்டு மாதத்துக்குள் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். ஃப்ரீஹோல்டர் எதிர் நோட்டீஸே தராமல் விட்டால் நிலைமை உங்களுக்குச் சாதகம். ஆறு மாதத்துக்குள் நீதிமன்றத்தை அணுகினால் நீங்கள் எழுதிய நிபந்தனைகளின்படியே புதிய லீஸைப் பெற முடியும். நோட்டீஸில் எழுதும் தொகையைச் சர்வேயரோடு நன்றாக யோசித்து எழுத வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சொலிசிட்டரைத் தேர்ந்தெடுக்கும்போது, வீட்டு விற்பனைப் பத்திரம் பார்ப்பவர் எல்லோரும் இந்த வேலை தெரிந்தவர் என்று எண்ண வேண்டாம். 42-ஆம் பிரிவு நோட்டீஸை அடிக்கடி கொடுப்பவரா, தீர்ப்பாயத்துக்குப் போன அனுபவம் உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள். நம் மொழி பேசும் ஒருவர் என்பது வசதிதான். அந்த வசதிக்காக இந்த வேலையில் பழக்கமில்லாதவரிடம் கொடுத்துவிடாதீர்கள்.

தம்பியின் ஃபிளாட்டுக்கு வருகிறேன். அதுவும் 3 லட்சம் மதிப்பு, கிரவுண்ட் ரென்ட் 100 பவுண்டு என்று கொண்டால், 65 ஆண்டு லீஸுக்கு முதல் இரண்டு பகுதிகளும் சேர்ந்து சுமார் 13,800 பவுண்டு. குறுகிய லீஸின் மதிப்பை 86 சதவீதமாக எடுத்தால் மேரேஜ் வேல்யூவில் ஃப்ரீஹோல்டரின் பங்கு சுமார் 14,100. ஆக மொத்தம் 28,000-ஐ நெருங்குகிறது, அதில் பாதி புதிய சட்டம் ஒழிக்கப்போகும் பகுதி. காத்திருந்தால் ஆண்டுக்கு அறுநூறு, எழுநூறு பவுண்டு முதல் பகுதிகளில் கூடும், மேரேஜ் வேல்யூவும் வளரும். இருந்தாலும் 14,000 மிச்சமாகும் வாய்ப்பு இருக்கும்போது சில ஆண்டு பொறுத்திருப்பதில் நியாயம் உண்டு. கழிவு விகிதம் 4 சதவீதமாகவே குறைக்கப்பட்டாலும், அவர் தொகை 25,000-க்கு அருகில்தான் வரும். இன்றைய 28,000-ஐத் தாண்டாது. அவர் அங்கேயே குடியிருக்கிறார், விற்கும் எண்ணமில்லை, இப்போதைய வங்கியிலேயே மோர்ட்கேஜைத் தொடர முடியும் என்றால் பொறுத்திருக்கலாம். விற்க வேண்டியிருந்தாலோ, வேறு வங்கிக்குக் கடனை மாற்ற வேண்டியிருந்தாலோ 65 ஆண்டு லீஸ் அவர் கையைக் கட்டிவிடும். அப்போது காத்திருப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. அவருடைய மோர்ட்கேஜின் நிலையான வட்டிக் காலம் எந்த மாதத்தில் முடிகிறது என்பதை எழுதுங்கள், அது தெரியாமல் அவருக்கு இதற்கு மேல் உறுதியாகச் சொல்ல இயலாது.

ஃப்ரீஹோல்டரின் கடிதத்துக்கு, "சட்ட ஆலோசனை பெற்றுக்கொண்டிருக்கிறோம்" என்று ஒரு வரி மட்டும் பதில் போடுங்கள். தொகை பற்றி எதுவும் எழுத வேண்டாம்.